ஓபியாய்டு சிகிச்சையில் இருப்பவர் தூக்க மாத்திரையும் எடுக்கிறார் என்றால் என்ன செய்வது?

கேள்வி இதுதான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு ஆளான ஓர் இளைஞர், சில மாதங்களாக அரசு மையத்தில், அந்தப் பழக்கத்திலிருந்து மீட்கத் தரப்படும் ஓபியாய்டு (அபின் வகை) மருந்தான புப்ரெனார்பினை நாக்கடியில் வைக்கும் மாத்திரையாகப் பெற்றுவருகிறார். வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தார். இப்போது அவருடைய சட்டைப்பையில் நைட்ரசிபாம், அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை அட்டைகள் அகப்பட்டிருக்கின்றன. "இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தி, மூன்று மாதம் ஒரு மறுவாழ்வு மையத்தில் விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், அப்படிச் செய்யலாமா?" என்று அவருடைய அக்கா கேட்டிருக்கிறார்.

செய்யக் கூடாது. இரண்டையும் சேர்த்து எடுப்பது ஆபத்து என்று வீட்டார் அஞ்சுவது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த அச்சத்தில் புப்ரெனார்பினை நிறுத்துவதும், தூக்க மாத்திரையை ஒரே நாளில் பிடுங்குவதும், இப்போதிருக்கும் ஆபத்தைவிடப் பெரிய இரண்டு ஆபத்துகளைக் கொண்டுவந்து சேர்க்கும். போதை மீட்பு சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவன் என்ற முறையில், இந்த முடிவை எடுத்த குடும்பங்களையும், இதே காரணத்துக்காக நோயாளியைச் சிகிச்சையிலிருந்து விலக்கிய மையங்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது. ஹெராயின், மார்பின், டபென்டடால், டிரமடால், மெதடோன் ஆகிய ஓபியாய்டுகள் எல்லாம் மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்புக்கூட்டத்தை மந்தப்படுத்துகின்றன. இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் "இன்னும் ஆழமாக மூச்சு விடு" என்று கட்டளையிட வேண்டிய இடம், அந்த ஏற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. டயசிபாம், அல்பிரசோலம், நைட்ரசிபாம், குளோனசிபாம் போன்ற பென்சோடயசிபின் வகை மருந்துகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. மூளையில் இயல்பாகவே சுரக்கும் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் செயலை அவை பெருக்குகின்றன. காபா இல்லாமல் தாமாக எதையும் செய்ய முடியாது என்பதால், உடல்நலமுள்ள ஒருவர் இவற்றை மட்டும் அதிகமாக விழுங்கிவிட்டால் நெடுநேரம் தூங்குவாரே தவிர, பெரும்பாலும் இறப்பதில்லை. 1960-இல் குளோர்டயசிபாக்சைடும் 1963-இல் டயசிபாமும் விற்பனைக்கு வந்தபோது, அதற்கு முன்பிருந்த பார்பிட்யூரேட் மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை என்று மருத்துவ உலகம் கொண்டாடியதற்குக் காரணமும் இதுவே. ஓபியாய்டு ஏற்கெனவே மூச்சைக் குறைத்து வைத்திருக்கும் உடலில் அந்தப் பாதுகாப்பு செல்லாது. அங்கே தொண்டைத் தசைகளும் தளர்ந்து, விழித்தெழச் செய்யும் எச்சரிக்கை உணர்வும் மழுங்கிப்போகும்.

புப்ரெனார்பினுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. அது ஓபியாய்டு ஏற்பியை முழுமையாக அல்லாமல் ஓரளவுக்கே தூண்டுவதால், ஒரு கட்டத்துக்கு மேல் அளவைக் கூட்டினாலும் மூச்சு அதற்குமேல் குறைவதில்லை. பென்சோடயசிபினைச் சேர்த்துவிட்டால், குறிப்பாக இரண்டையும் ஊசியாகப் போட்டுக்கொண்டால், இந்த உச்சவரம்பை நம்பியிருக்க முடியாது. பிரான்ஸ் நாட்டில் 1996 முதல் சாதாரணப் பொது மருத்துவர்களே புப்ரெனார்பின் எழுதித்தர வழி செய்யப்பட்டது. அதன்பின் ஹெராயின் மிகையளவால் நேர்ந்த இறப்புகள் சில ஆண்டுகளிலேயே பெருமளவு சரிந்தன. எஞ்சிய புப்ரெனார்பின் தொடர்பான இறப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் பென்சோடயசிபினும், பலவற்றில் மாத்திரையைக் கரைத்து ஊசியாக்கியதும் காணப்பட்டன. ஆக, மருந்து காப்பாற்றியவர்களின் எண்ணிக்கை பெரிது, கலவை பலிகொண்டவர்களின் எண்ணிக்கை சிறிது. ஆனாலும் அந்தச் சிறிய எண்ணிக்கை தவிர்த்திருக்கக்கூடியது.

இனி, ஏன் எடுக்கிறார்கள் என்ற கேள்வி. "ஒன்று போதாதென்று இன்னொன்று" என்று வீட்டார் சொல்வது வழக்கம். போதையைக் கூட்டுவதற்காக எடுப்பவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஓபியாய்டின் சுகத்தை டயசிபாம் கூட்டித் தருகிறது என்பது ஆய்வகத்திலேயே காட்டப்பட்டது. ஆனால் நோயாளிகளிடம் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் வருவது வேறு பதில்: "தூக்கம் வரலைங்க டாக்டர்." ஓபியாய்டு நிறுத்தத்தின் கடுமையான உபாதைகள், அதாவது கால்குடைச்சல், வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், வியர்வை முதலியவை, ஒரு வாரத்தில் அடங்கிவிடும். தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடிக்கும். அதோடு, பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் சிறுவயதில் பட்ட அடிகளும் இந்த நோயாளிகளிடையே மிகுதி. ஓபியாய்டு இத்தனை நாள் மூடிவைத்திருந்தவை எல்லாம், அது விலகியதும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது பக்கத்து மருந்துக்கடையில் கிடைக்கும் பத்து மாத்திரை அட்டைதான் கைக்கெட்டிய மருத்துவம்.

இன்னொரு காரணம் வீட்டாரின் கண்ணுக்குப் படாது, மருத்துவர்களும் அதைப் பேச விரும்புவதில்லை. அது சிகிச்சை மருந்தின் அளவே போதாமல் இருப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல், தொடர் சிகிச்சையில் புப்ரெனார்பின் நாளொன்றுக்குக் குறைந்தது 8 மி.கி., அதேபோன்ற இன்னொரு சிகிச்சை மருந்தான மெதடோன் 60 முதல் 120 மி.கி. வரை என்று பரிந்துரைக்கிறது. நம் நாட்டு மையங்களில் பலருக்கு 4 மி.கி., 6 மி.கி. அளவிலேயே சிகிச்சை நின்றுவிடுகிறது. காலையில் எடுத்த மாத்திரை நள்ளிரவுக்குள் இறங்கிவிட்டால், உடம்பு வலியோடும் படபடப்போடும் விழித்திருப்பவர் எதையாவது தேடத்தான் செய்வார். இவர் தூக்க மாத்திரைக்கு அடிமை என்று முடிவுகட்டும் முன், காலை மருந்து இரவு வரை தாங்குகிறதா என்று கேட்க வேண்டும். அளவைச் சரியாகக் கூட்டியதும் தூக்க மாத்திரைத் தேவை பாதியாகக் குறைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கலவை நமக்குப் புதிதும் அல்ல. 1990-கள் முதலே சென்னை, டெல்லி, கொல்கத்தா நகரங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே புப்ரெனார்பின் ஆம்பியூலோடு டயசிபாமையும், ஒவ்வாமைக்குத் தரும் பெனிரமின் அல்லது புரோமெதசினையும் ஒரே சிரிஞ்சில் இழுத்துப் போடும் வழக்கம் பரவியிருந்தது. டெல்லியில் அதற்குச் 'செட்' என்றே பெயர். டயசிபாம் ஊசிமருந்து தண்ணீரில் கரைவதல்ல. அதைக் கரைத்துவைத்திருக்கும் திரவமே இரத்தக் குழாயை எரிப்பது. இவர்களில் பலருக்கு முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை இரத்தக் குழாய் கயிறு போல இறுகி, கடைசியில் தொடை இடுக்கில் ஊசி தேடும் நிலை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று தமிழ்நாட்டில் ஆம்பியூலின் இடத்தைக் கரைத்த டபென்டடால் மாத்திரையும், டயசிபாமின் இடத்தை நைட்ரசிபாமும் அல்பிரசோலமும், சில இடங்களில் நரம்புவலிக்குத் தரும் பிரிகாபலினும் பிடித்திருக்கின்றன. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயதுக்குள் இருப்போரில் ஏறத்தாழ 2.1 சதவீதத்தினர் ஓபியாய்டும், ஏறத்தாழ 1.1 சதவீதத்தினர் மருத்துவத் தேவைக்கு வெளியே தூக்க மருந்தும் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் பற்றிப் பொதுவில் பேச்சே எழுவதில்லை.

கலவை ஒரு நாட்டையே எந்த அளவுக்கு உலுக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாட்டில் 2020-இல் மட்டும் போதைப்பொருள் தொடர்பான இறப்புகள் 1,339. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு அருகில் ஓபியாய்டுக்குப் பங்கிருந்தது, நான்கில் மூன்றுக்கு அருகில் பென்சோடயசிபினுக்கும் பங்கிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உடலில் இருந்தவை 93 சதவீதம். அந்த பென்சோடயசிபின்களில் பெரும்பகுதி மருத்துவர் எழுதித்தந்தவை அல்ல. தெருவில், டயசிபாமின் வணிகப் பெயரான 'வேலியம்' என்ற பெயரில் மிக மலிவாக விற்கப்பட்ட நீல மாத்திரைகள், உள்ளே இருந்தது பெரும்பாலும் எடிசோலம். எடிசோலம் இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ ஒருபோதும் மருந்தாக அனுமதி பெற்றதில்லை. நம் ஊரிலோ அது பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் சாதாரணமாக எழுதப்படும் மாத்திரை. 1 மி.கி. எடிசோலம் ஏறக்குறைய 10 மி.கி. டயசிபாமுக்குச் சமம். தெருவில் அச்சடித்த மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது அச்சடித்தவனுக்கே தெரியாது. மருத்துவர்கள் டயசிபாம் எழுதித்தருவதை இறுக்கியதும், அந்த வெற்றிடத்தைத் தெரு மாத்திரை நிரப்பியது என்று அங்குள்ள பலர் சொல்கிறார்கள். அதுவே முழுக்காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வறுமையும் முதுமையை நெருங்கிவிட்ட ஹெராயின் தலைமுறையும் சேர்ந்த கதை அது. ஆனாலும் வாசலை மட்டும் அடைத்துவிட்டு உள்ளே இருப்பவரின் தூக்கமின்மைக்கு ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நேரும் என்பது அங்கே தெரிந்தது.

அமெரிக்கா வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அங்கே முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓபியாய்டு எழுதித்தரப்பட்டவர்களில் மிகையளவால் இறந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர், இறக்கும் வேளையில் பென்சோடயசிபினும் சேர்த்தே எழுதித்தரப்பட்டிருந்தவர்கள் என்று தெரிந்தது. 2016 ஆகஸ்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இரண்டையும் சேர்த்துத் தருவதற்கு எதிராகக் கட்டம் போட்ட கடும் எச்சரிக்கையை மருந்தின் விவரக்குறிப்பிலேயே அச்சிட உத்தரவிட்டது. எச்சரிக்கையைக் கண்டு மிரண்ட சில மருத்துவர்களும் மையங்களும், தூக்க மருந்து எடுக்கும் நோயாளிகளுக்கு மெதடோனும் புப்ரெனார்பினும் தர மறுத்தார்கள். ஓராண்டு சற்றே கடந்ததும், 2017 செப்டம்பரில், அதே எஃப்.டி.ஏ. தனியே ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. பென்சோடயசிபினோ வேறு தூக்க மருந்தோ எடுக்கிறார் என்பதற்காக ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மருந்தை மறுக்கக் கூடாது. சேர்த்து எடுப்பதால் வரும் தீங்கைவிடச் சிகிச்சை இல்லாமல் விடுவதால் வரும் தீங்கு பெரிதாக இருக்கக்கூடும். கவனமாகக் கண்காணித்து இரண்டையும் கையாளுங்கள் என்பது அதன் சாரம். இன்று நம் ஊரில் "தூக்க மாத்திரையை விட்டால்தான் உனக்கு இங்கே மருந்து" என்று சொல்லும் மையங்கள் அந்த இரண்டாவது அறிவிப்பைப் படித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

புப்ரெனார்பினை நிறுத்தினால் ஏன் தீங்கு பெரிது என்றால், தாங்குதிறன் பிரச்சினைதான் காரணம். மூன்று மாதம் அடைத்துவைக்கப்பட்டவரின் உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். வெளியே வந்த முதல் சில வாரங்களில் ஒருமுறை பழைய அளவில் போட்டுக்கொண்டாலே போதும், அதுவே மிகையளவாகும். சிறையிலிருந்தும் மையங்களிலிருந்தும் வெளியேறிய உடனேயே இறப்புகள் கூடுவது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பதிவானது. சட்டப்படியும் அப்படி அடைத்துவைக்க முடியாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே ஒருவரின் சம்மதமின்றிச் சேர்ப்பதற்கு அச்சட்டம் வகுத்த நடைமுறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது இன்னும் நேரடியான ஆபத்து. ஓபியாய்டு நிறுத்த உபாதை எவ்வளவு கொடுமையானாலும், உடலில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் அதனால் உயிர்போவது அரிது. பென்சோடயசிபின் நிறுத்தம் அப்படியல்ல. வலிப்பு வரலாம், குழப்பமும் மாயக்காட்சிகளும் வரலாம், அதில் உயிர் போனவர்களும் உண்டு. அல்பிரசோலம் போல விரைவில் உடலைவிட்டு நீங்கும் மருந்தென்றால் ஓரிரு நாளிலேயே தொடங்கும். டயசிபாம் என்றால் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு தொடங்கலாம், அதற்குள் வீட்டார் "ஒன்றும் ஆகவில்லையே" என்று நிம்மதி அடைந்திருப்பார்கள். டிரமடாலும் பயன்படுத்தியவராக இருந்தால், அதுவே வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து என்பதால் இரட்டிப்புக் கவனம் தேவை.

அதனால் மருத்துவர் செய்யவேண்டியது இறக்குமுகமாகக் குறைப்பது. நாளொன்றுக்கு உண்மையில் எத்தனை மாத்திரை என்பதை அச்சுறுத்தாமல் கேட்டறிந்து, தேவைப்பட்டால் நீண்டநேரம் செயல்படும் ஒரே மருந்துக்கு மாற்றி, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2025-இல் வெளியான அமெரிக்கக் கூட்டு வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதில் தொடங்கலாம், எந்த நிலையிலும் இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல் பொதுவாகப் போகக்கூடாது என்கிறது. மாதங்கள் பிடிக்கும் வேலை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஹெபடைடிஸ் சி தொற்று அதிகம் என்பதால் கல்லீரல் பரிசோதனை பார்க்காமல் டயசிபாமுக்கு மாற்றக்கூடாது. கல்லீரல் பழுதுபட்டிருந்தால் லோரசிபாம், ஆக்சசிபாம் போன்றவை பொருத்தம். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் காணவில்லை என்பதை வைத்து அவர் விட்டுவிட்டார் என்று மகிழவும் வேண்டாம், வந்துவிட்டது என்று சண்டையிடவும் வேண்டாம். மலிவான பரிசோதனைப் பட்டைகள் குளோனசிபாமையும் லோரசிபாமையும் பல நேரம் தவறவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இந்த மருந்துகள் நினைவைப் பதியவிடாமல் செய்யும். எட்டு மணிக்கு இரண்டு மாத்திரை போட்டவர் ஒன்பது மணிக்கு அதைப் போட்டதே நினைவில்லாமல் மறுபடி இரண்டு போடுவார், அவர் பொய் சொல்வதில்லை. மருத்துவர் எழுதித்தந்த குறைப்பு அளவை வீட்டில் ஒருவர் பூட்டிவைத்து, அன்றன்றைக்கு எடுத்துத்தருவது அதனால்தான். மது அறவே கூடாது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் மயக்க மருந்துகளையும் பிரிகாபலினையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது.

இரவில் கேட்கவேண்டியது மூச்சைத்தான். மிகையளவில் இருப்பவர் பல நேரம் வழக்கத்துக்கு மாறான, தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போன்ற ஆழமான குறட்டையோடு கிடப்பார். "பல நாள் கழித்து இன்றுதான் நன்றாகத் தூங்குகிறான்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்திய குடும்பங்களின் துயரத்தை நான் அறிவேன். பெயர் சொல்லி உரக்க அழையுங்கள், மார்பெலும்பின்மேல் விரல்முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை என்றாலோ, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தாலோ, நம் நிறத்தவர்க்கு எளிதில் தெரியாத நீலத்தை உதட்டின் உள்பக்கத்திலும் நகக்கண்ணிலும் கண்டாலோ, உடனே 108-ஐ அழைத்துவிட்டு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி தொண்டையில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் மருந்து தூக்க மாத்திரையை முறிக்காது. ஸ்காட்லாந்து 2011-இலேயே அதை மக்கள் கையில் கொடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கு கற்றுத்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. கலவை எடுத்தவருக்கு நலாக்சோன் போட்டதும் மூச்சு திரும்பிவிடும், ஆனால் அவர் எழுந்து உட்காரமாட்டார். எழவில்லையே என்று மேலும் மேலும் போட்டால் கொடிய நிறுத்த உபாதைதான் வரும். மூச்சைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், விழிப்பைப் பார்த்து அல்ல. அதன் பலன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரமே நீடிக்கும் என்பதால், மெதடோன் போல நீடித்து நிற்கும் மருந்து உள்ளே இருந்தால் மூச்சு மறுபடி இறங்கும். ஆகவே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதைத் தவிர்க்க முடியாது. பென்சோடயசிபினை முறிக்கும் புளூமசெனில் என்ற மருந்து உண்டு. நெடுநாள் பழகியவருக்கு அதைக் கொடுத்தால் வலிப்பு வரும் என்பதால் மருத்துவமனையிலும் அதைத் தொடத் தயங்குவார்கள். எடுத்தது என்னென்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லி, காலி அட்டைகளைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள்.

அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது தம்பியோடு நீங்களும் சென்று, மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இப்போதைய புப்ரெனார்பின் அளவு இரவு வரை போதுமா, தூக்க மாத்திரையை எந்த வேகத்தில் குறைக்கலாம், தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் தனியாக என்ன சிகிச்சை தருவீர்கள். தூக்க மாத்திரை இல்லாமலேயே தூக்கத்தைப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை அங்கே தருவார்களா என்றும் விசாரியுங்கள். மருந்தை நிறுத்திவிடுவோம் என்று சொன்னால், அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறையில் இரண்டாவது கருத்து பெறுங்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 ஆகிய தேசிய எண்கள் உள்ளன, இரண்டுக்கும் கட்டணம் இல்லை.